செவ்வாய்க்கிழமை வந்த தாம்பூலத் தட்டு

மந்தைவெளியில் காலை ஐந்தே முக்காலுக்கு வாசல் மணி அடித்தால் ஒன்று பால் பாக்கெட் போடுகிறவர், இல்லாவிட்டால் தங்கம். ஸ்கூட்டரின் முன்பக்கம் நீல நிற ஐஸ் பெட்டி, தோளில் ஒரு பை, இறுக்கிச் சுருட்டிய கொண்டை. அடையாறில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறாள். பதினான்கு வருடமாக இதே வேலை. நரம்பு பிடிபடாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்று பெயர். 'தங்கம் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பெரியவர்கள் மயிலாப்பூரில் நிறைய உண்டு.

அவளுக்கு ஒரு வழக்கம். எத்தனை வருடம் தெரிந்தவராக இருந்தாலும் ஊசியைத் தொடும் முன் பெயரையும் வயதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வாள். எடுத்த ட்யூப்பில் பெயர், தேதி, மணி எழுதி ஒட்டாமல் அந்த நாற்காலியை விட்டு நகர மாட்டாள். அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவனும் அவர் மனைவி ஜானு மாமியும் இருக்கிறார்கள். மாமிக்கு இந்தப் பெயர் கேட்கிற வழக்கத்தில் தீராத எரிச்சல்.

"எட்டு வருஷமா என்னைக் குத்திண்டிருக்கே. மாடியிலயே குடியிருக்கே. என் பேர் தெரியாதாடி நோக்கு?"

"எனக்குத் தெரியும் மாமி. ட்யூப்புக்குத் தெரியாதே. சொல்லுங்க."

"ஜானகி. எழுபத்தொண்ணு. போன வருஷமும் எழுபத்தொண்ணுன்னுதான் சொன்னேன், ஆத்துக்காரர் காதுல விழாம எழுதிக்கோ."

இப்படி வேலை தெரிந்த ஒருத்தியைத் தன் குடும்பத்திலிருந்து ஊருக்குக் கொடுத்ததில் அண்ணன் பொன்ராஜுக்குப் பெருமை தாங்காது. தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக நிற்கிறவர் அவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்து, தங்கை பன்னிரண்டாவது முடித்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வந்து லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தார். பட்டுப் புடவையை மடித்தால் ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாமல் நிற்க வேண்டும் அவருக்கு. அந்தக் கண்டிப்பு தங்கையிடமும் இருப்பதைப் பார்த்து, கடையில் யார் சர்க்கரை, கொழுப்பு என்று பேச்செடுத்தாலும், "நம்ம தங்கச்சியக் கூப்பிடுங்க, கை பூ மாதிரி" என்பார்.

அந்தக் கையை முறுக்கிய மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவர்தான்.

மகேஷ் தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஒரே ஊர்ப் பக்கம், ஒரே சனம், பேச்சு தேனாக இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடத்தில் கை நீள ஆரம்பித்தது. தங்கம் நான்கு முறை ஆஸ்பத்திரியில் "படியில தடுக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். பொன்ராஜ் இரண்டு முறை அவளிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லியிருக்கிறார். எத்தனை முறை என்று அவருக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஒன்று சமையலறையில், ஒன்று மந்தைவெளி ரயில் நிலையப் படிக்கட்டில்.

ஐந்தாம் முறை அவளுடைய வலது மணிக்கட்டு. மறுநாள் காலை மூன்று வீடுகளுக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனாள். டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் முறுக்கினார். நேத்து சாயங்காலம் ஏழே காலுக்கு. சமையல் மேடைப் பக்கத்துல" என்றாள். அவர் அதை அப்படியே எழுதியதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். அங்கிருந்தே 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அண்ணனுக்குப் போன் வந்தது அதற்கும் பிறகு.

"அண்ணே, நான் கேஸ் குடுக்கப் போறேன். நீங்க கூட வந்தா நல்லாருக்கும். வரலன்னாலும் போவேன்."

பொன்ராஜ் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார்.

பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு அரசாங்க உத்தியோகம் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். ஷீலா என்ற அந்த அம்மா தங்கத்தை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் ஒரு படிவத்தில் எழுதி, கோர்ட்டுக்கு அனுப்பினார். வக்கீலை இலவசச் சட்ட உதவியில் ஏற்பாடு செய்தார்கள். தங்கம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மாடி வீட்டில் பயமில்லாமல் இருக்க வேண்டும். மகள் பூஜா அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வர வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் மகேஷின் பெயரில் இருந்ததால் அவன் உரிமை பேசினான். யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியை வெளியேற்ற முடியாது, அவனை வெளியேறச் சொல்லவும் கோர்ட்டால் முடியும் என்று ஷீலா மேடம் சொன்னபோது, பொன்ராஜ் அதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. நான்கு பக்கம். மகேஷ் தங்கத்துக்கு எதிராக எந்த வன்முறையும் செய்யக் கூடாது. அந்த வீட்டுக்குள்ளோ, அவள் வேலை செய்யும் இடத்துக்கோ, பூஜாவின் பள்ளிக்கோ வரக் கூடாது. நேரிலோ, போனிலோ, கடிதத்திலோ, வேறு ஆள் மூலமாகவோ தொடர்பு கொள்ளக் கூடாது. மீறினால் பிடிவாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு நகல் காவல் நிலையத்துக்குப் போனது. ஒரு நகலைப் பொன்ராஜ் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டு பீரோவில் வைத்தார். மூன்று முறை படித்திருந்தார். பத்திரிகை வைக்க வரக் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அக்டோபர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. பூஜாவுக்குக் காலாண்டு விடுமுறை. பொன்ராஜுக்குக் கடையில் வார விடுமுறை செவ்வாயில்தான். விடுமுறை நாட்களில் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிளம்பி வந்து, தங்கம் வேலை முடித்து வரும் வரை அவர் பூஜாவுக்குத் துணையாக இருப்பார். அன்று தங்கம், காலை உணவுக்குப் பிறகு எடுக்க வேண்டிய ரத்தத்துக்காக இரண்டாவது சுற்றுப் போயிருந்தாள்.

பத்தேகால் மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால், மகேஷும் அவன் சித்தப்பா முருகனும். சித்தப்பா கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ, பழம், மேலே மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகை. மகேஷின் தங்கை மகனுக்கு ஐப்பசியில் காதுகுத்து. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் மகேஷ்.

"மச்சான், நல்லாருக்கீங்களா? சம்பந்தி வீட்டுக்கு நேர்ல வந்து வைக்காம இருக்க முடியுமா?" என்றான் மகேஷ், ஒன்றுமே நடக்காதவன் போல.

பொன்ராஜ் வழியை மறித்துத்தான் நின்றார். ஆனால் தட்டு நீட்டப்பட்டுவிட்டது. நீட்டிய தாம்பூலத்தை வாங்காமல் கதவைச் சாத்துகிற மனிதரை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வெட்டுப் பகை உள்ள வீட்டில்கூட தட்டை வாங்கி வைத்துவிட்டு, விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். கை தானாக நீண்டது. தட்டை வாங்கினவர் "உட்காருங்க" என்று சொல்லாமல் இருக்க முடியுமா? வாயும் தானாகச் சொல்லிவிட்டது. உட்கார்ந்தவர்களுக்குக் காபி.

அடுப்படியில் பால் காயும்போது பின்பக்கக் கதவு மெல்லத் திறந்து மூடியது கேட்டது. ஒன்பது வயது பூஜா, அப்பாவின் குரலைக் கேட்டதும், செருப்புக்கூடப் போடாமல் பின்படி வழியாக ஜானு மாமி வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மகேஷ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். "மச்சான், ஒரு போட்டோ" என்று பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுப் போனை நீட்டினான். கேமரா நீண்டால் சிரிப்பது கடைக்காரப் பழக்கம். பொன்ராஜ் சிரித்தார்.

படியிறங்கும்போதுதான் மகேஷ் குரலைத் தாழ்த்தினான். "சாவி ஒண்ணு எனக்கும் போட்டு வைக்கச் சொல்லுங்க. பொங்கலுக்குள்ள நான் இங்க வந்துடுவேன். கேஸ வாபஸ் வாங்கலன்னு வைங்க, அவ காலையில எந்தெந்தத் தெருவுக்குப் போறான்னு எனக்குத் தெரியும்."

சித்தப்பா, "டே, நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல என்னடா" என்று அவன் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

பதினொன்றேகாலுக்குத் தங்கம் வந்தாள். மேசை மேல் தட்டைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"பூஜா எங்கண்ணே?"

"கீழ, மாமி வீட்ல."

"யாரு வந்தது?"

பொன்ராஜ் சொல்லத் தொடங்கினார். தட்டிலிருந்து ஆரம்பித்து, சம்பந்தி முறை, சித்தப்பா வயசு, வாசலில் நிற்க வைத்தால் என்ன நினைப்பார்கள் என்று சுற்றிக்கொண்டே போனார். தங்கம் கை காட்டி நிறுத்தினாள். கத்தவில்லை. பூஜாவின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் யாரு, எங்க உட்கார்ந்தாங்க, என்ன சொன்னாங்க. ஏன்னு எழுத வேணாம். நடந்தது மட்டும்."

எழுதினார். அச்சுப் போன்ற கையெழுத்து அவருக்கு. முக்கால் பக்கம் வந்ததும் பேனா நின்றது.

"காபி குடுத்ததையும் எழுதணுமா?"

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"அப்ப எழுதணும்."

"வேணாமே தங்கம். நமக்குத்தானே கேவலம்? நானே உள்ள கூப்பிட்டு உபசாரம் பண்ணின மாதிரில்ல இருக்கு."

"நீங்க எழுதலன்னா அவர் சொல்லுவார். அவர் சொன்னா அது வேற மாதிரி இருக்கும். எழுதுங்கண்ணே."

எழுதினார். போட்டோவுக்குச் சிரித்ததையும் எழுதினார். அதை எழுதி முடிக்கும்போது அவர் போன் சிணுங்கியது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போட்டோ. கூடத்து நாற்காலி, பின்னால் பூஜா வரைந்து ஒட்டிய மயில், கையில் காபி டம்ளரோடு மகேஷ், பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் பொன்ராஜ். கீழே, 'ஆண்டவன் புண்ணியத்துல எல்லாம் சுமூகம். எங்க வீட்டு காபி' என்று எழுதியிருந்தான். அதற்குள் பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

பொன்ராஜ் போனைக் கையில் எடுத்தார். "உடனே அழிக்கச் சொல்றேன். பொய்யுன்னு போடுறேன்."

"ஒண்ணும் போடாதீங்க. போன எங்கிட்ட குடுங்க." தங்கம் அதை நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்குள்ள வந்தேன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். இத ஏன் அழிக்கணும்?"

பூஜாவைக் கூட்டிக்கொண்டு மேலே வந்த ஜானு மாமி தட்டைப் பார்த்து மோவாயில் கை வைத்தாள். "செவ்வாக்கிழமை, அதுவும் எமகண்டத்துல, எவனாவது சுப காரியத்துக்குப் பத்திரிகை வைப்பானோ? ஏம்பா பொன்ராஜ், நீங்கள்ளாம் நாள் பார்க்க மாட்டேளா?"

பொன்ராஜ் தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை யாரும் பத்திரிகை வைப்பதில்லை. தமக்கு விடுமுறை, தங்கை வீட்டில் இல்லை என்று மகேஷ் கணக்குப் போட்டு வந்திருக்கிறான். தட்டைப் பார்த்த கண்ணுக்குக் கிழமை தெரியாமல் போய்விட்டது.

அன்று மத்தியானமே மகளிர் காவல் நிலையம். பொன்ராஜ் எழுதிய தாளைப் படித்த ஏட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் நீ? நீயே உள்ள உக்கார வச்சு காபியும் குடுத்துட்டு, நீயே கம்ப்ளைண்டும் குடுக்க வந்துகினு கீற?"

பொன்ராஜ் தலை குனிந்தார். தங்கம் பக்கத்திலிருந்து, "ஆமா மேடம். அத எழுதியிருக்கார் பாருங்க" என்றாள், அதுதான் அந்தத் தாளிலேயே முக்கியமான வரி என்பது போல.

ஷீலா மேடமும் வந்து சேர்ந்தார். பொன்ராஜ் அவரைத் தனியே கூப்பிட்டு, மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். "நான் வாங்கன்னு சொன்னதால உத்தரவு செல்லாம போயிடுமா மேடம்?"

"உத்தரவு போட்டது கோர்ட். நீங்க கதவைத் திறந்தாலும் சரி, தங்கமே திறந்தாலும் சரி, அவருக்கு உள்ள வர அனுமதி கிடையாது. கோர்ட் மாத்துற வரைக்கும் அப்படித்தான். ஆனா மாத்தச் சொல்லி அவர் கேட்பார். இந்தப் போட்டோவை வச்சே கேட்பார். அதுக்குத் தயாரா இருங்க" என்றார்.

அந்த வாரமே மகேஷ் கைதானான். பன்னிரண்டு நாளில் ஜாமீனில் வந்தான். வந்ததும் ஷீலா மேடம் சொன்னபடியே மனு போட்டான். குடும்பம் சமாதானமாகிவிட்டது, மனைவியின் அண்ணனே அழைத்து உபசரித்தார், சூழ்நிலை மாறிவிட்டதால் உத்தரவை ரத்து செய்து வீட்டில் வசிக்க அனுமதிக்க வேண்டும். கூடவே அந்தப் போட்டோ. மனு ஏற்கப்பட்டால் அவன் மறுநாளே பெட்டியோடு அந்த மாடிக்கு வந்துவிடலாம். பூஜா அதைக் கேட்ட நாளிலிருந்து பள்ளிப் பையை ஜானு மாமி வீட்டிலேயே வைக்க ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், கடையில் நல்ல கூட்டம். சித்தப்பா முருகன் பொன்ராஜின் பகுதிக்கு நேராக வந்து உட்கார்ந்தார்.

"பட்டு காட்டுப்பா."

பொன்ராஜ் எடுத்துப் போட்டார். மாம்பழக் கலர், கத்தரிப்பூக் கலர், மயில் கழுத்து.

"மாப்பிள்ளைய ஜெயில்ல வச்ச மச்சான் நம்ம சனத்துல நீ ஒருத்தன்தான். ஊர்ல சிரிக்கிறாங்க. அந்த பார்டர் சின்னதா காட்டு."

இன்னும் நான்கு விரிந்தது.

"உன்னய யாரும் பொய் சொல்லச் சொல்லலய்யா. 'நாங்க வர்றது தங்கத்துக்கு முன்னாடியே தெரியும்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சிரும். உனக்கும் கௌரவம், உன் தங்கச்சிக்கும் தாலி பாக்கியம்."

"அவளுக்குத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியும்னு சொன்னா தெரியும். அவ காபி குடுக்கச் சொன்னான்னுதானே நாங்களே நினைச்சோம்?"

மேசையில் பதினாறு புடவை விரிந்து கிடந்தது. அவர் கேட்டது எவ்வளவு சின்ன வார்த்தை என்று பொன்ராஜுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் தாம் கூப்பிட்ட தப்பும் மறைந்துவிடும். தங்கை சொல்லித்தான் செய்தேன் என்று ஆகிவிடும். அதுதான் அவரை உண்மையில் பயமுறுத்தியது.

"அண்ணாச்சி, புடவை எடுக்குறீங்களா? இல்ல, மடிச்சு வைக்கட்டுமா?"

சித்தப்பா எழுந்து போனார். பதினாறையும் மடித்து முடிக்க அரை மணி ஆனது. பக்கத்தில் நின்ற ஷரஃபுதீன் பாய், "வாங்குற முகமா அது? விரிக்கும்போதே எனக்குத் தெரியும்" என்று இரண்டு புடவையை வாங்கி மடித்துக் கொடுத்தார்.

இரண்டு வழக்கும் சைதாப்பேட்டையில் ஒரே மாஜிஸ்திரேட்டிடம். உத்தரவை ரத்து செய்யக் கேட்ட மகேஷின் மனு ஒன்று. உத்தரவை மீறியதற்காக அவன் மேல் போலீஸ் போட்ட வழக்கு ஒன்று. தை பிறந்து மாசியில்தான் பொன்ராஜைக் கூண்டில் ஏற்றினார்கள். அதற்கு முந்தின நாள் அவர் தங்கத்திடம், "என்ன கேட்டா என்ன சொல்லணும்னு ஒரு தடவ சொல்லிக் குடேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு எழுதுனீங்கல்ல, அதப் படிச்சுட்டு வாங்க. நான் சொல்லிக் குடுத்தா அது என் பேச்சாயிடும்."

மகேஷின் வக்கீல் சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"மகேஷை உட்காருங்கன்னு சொன்னது யார்?"

"நான்தான் சார்."

வக்கீல் அவ்வளவு சீக்கிரம் பதிலை எதிர்பார்க்கவில்லை. "காபி கொடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். ரெண்டு டம்ளர். பெரியவருக்குச் சர்க்கரை இல்லாம."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டோவில் சந்தோஷமாகச் சிரிக்கிறீங்க?"

"சிரிச்சேன் சார். அதுவும் நான் குடுத்த புகார்லயே இருக்கு, ரெண்டாவது பக்கம்."

வக்கீல் தாளைப் புரட்டினார். இருந்தது. அவர் மறைத்து வைத்து எடுக்க நினைத்த ஒவ்வொன்றும் அன்றைக்கே, நடந்த இரண்டு மணி நேரத்துக்குள், பொன்ராஜின் கையெழுத்தில் இருந்தது.

"அப்படியானால் சமாதானம் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?"

"எனக்கும் அவருக்கும் சண்டையே கிடையாதே சார் சமாதானம் ஆக. அடி வாங்கினது என் தங்கச்சி. உத்தரவும் அவளுக்குத்தான் போட்டது."

"உங்கள் தங்கை சொல்லித்தான் அவர்களை வரச் சொன்னீர்கள் என்கிறேன்."

பொன்ராஜ் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். அவளுக்குத் தெரியாது. தட்டை நீட்டினாங்க, நான் வாங்கிட்டேன். எங்க சனத்துல அப்படித்தான். ஆனா எங்க சனத்துல செவ்வாய்க்கிழமை பத்திரிகை வைக்க மாட்டாங்க. அத நான் அப்பவே கவனிச்சிருக்கணும். கவனிக்காதது என் தப்பு. அவ தப்பு இல்ல."

மகேஷ் போகும்போது என்ன சொன்னான் என்று அரசு வக்கீல் கேட்டார். சாவி, பொங்கல், தெரு, மூன்றையும் சொன்னார். 'அவளை' என்று சொன்னானா, 'அவ' என்று சொன்னானா என்பது வரை சொன்னார். மாஜிஸ்திரேட் அம்மா எழுதிக்கொண்டார்.

பிறகு தங்கம் ஏறினாள். அவளிடம் வக்கீல் குரலை இனிமையாக்கி, "பெண் குழந்தைக்கு அப்பா வேண்டாமா அம்மா?" என்றார்.

"அவர் மகளைப் பார்க்கணும்னா கோர்ட்ல தனியா கேட்கலாம் சார். கேட்டா நான் வர்றேன், பூஜா என்ன சொல்றாளோ அத நீங்களும் கேளுங்க. இதுவரைக்கும் அவர் கேட்டது வீட்டை. மகளை ஒரு தடவைகூடக் கேட்டு மனு போடல."

குரல் உயரவில்லை, நடுங்கவில்லை. ஒரு நோயாளிக்கு எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பொன்ராஜ் இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் பேசி விற்பதைப் பார்த்தவர். ஒரு சொல்கூடக் கூட்டாமல் இப்படி நிற்பது தமக்கு வராது என்று அவருக்குத் தெரிந்தது.

சித்திரை வெயிலில் தீர்ப்பு. ரத்து கேட்ட மனு தள்ளுபடி. உறவினர் ஒருவர் காட்டிய உபசாரத்தைப் பாதிக்கப்பட்டவரின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, உத்தரவு தொடரும் என்று மாஜிஸ்திரேட் அம்மா படித்தார். மீறியதற்கு மகேஷுக்கு மூன்று மாதச் சிறையும் அபராதமும். அவன் மேல்முறையீடு செய்யப் போவதாக வக்கீல் சொல்லி, தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்டார். அதற்குக் காலம் கிடைத்தது. ஆனால் அந்த மாடிப்படியில் அவன் கால் வைக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

பொன்ராஜுக்கு முழுத் திருப்தி இல்லை. "அப்பீல்னு மறுபடியும் இழுப்பானே" என்றார் வெளியே வந்து.

"இழுக்கட்டும். இழுக்கிற வரைக்கும் வெளியதானே நின்னு இழுக்கணும்?" என்றாள் தங்கம். ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வரும்போது ஒன்றரை மணி. தயிர் சாதம் போட்டுச் சாப்பிட்டார்கள். சொந்தக்காரர் குழுவிலிருந்து இருவரையும் நீக்கியிருப்பதைப் பொன்ராஜ் காட்டினார். "அப்பாடா, இனிமே காலையில கும்பிடு வராது" என்றாள். கூடத்தில் ஒரு தலையணையைப் போட்டுப் படுத்தாள். பிறகு ஏதோ நினைத்தவள் போல எழுந்து போய், வாசலின் மரக் கதவை விரியத் திறந்து, வெளியே இருந்த கிரில் கேட்டை மட்டும் கொண்டி போட்டுவிட்டு வந்து படுத்தாள். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள்.

அந்த மரக் கதவு பகலில் திறந்து கிடந்து பொன்ராஜ் பார்த்ததே இல்லை. எந்தக் கோடையிலும் இல்லை. தெருவிலிருந்து காற்று நேராக உள்ளே வந்தது. காய்கறி வண்டிக்காரர் சத்தம், கீழே மாமி வீட்டுக் குக்கர் விசில், ரயில் போகும் ஓசை எல்லாம் வந்தன. அவள் புரளவில்லை. மணிக்கட்டு தலையணைக்கு வெளியே தளர்ந்து கிடந்தது. பொன்ராஜ் ஒரு மணி நேரம் நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்குப் பரீட்சை எழுதிவிட்டு பூஜா வந்தாள். பை முதுகிலேயே இருந்தது. கிரில்லைத் திறந்து உள்ளே வந்ததும், பழக்கத்தில் மரக் கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

"வேணாம் பாப்பா" என்றார் பொன்ராஜ் மெதுவாக. "அம்மாதான் திறந்து வச்சா."

பூஜா அம்மாவைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கையை எடுத்தாள். பையைச் சத்தமில்லாமல் இறக்கி அம்மாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, காற்று வருகிற பக்கமாகத் தலை வைத்து அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.